மாஸ்கோவில் 1937இன் தடத்தில்: செம்படைத் தளபதிகளின் களையெடுப்பைப் பற்றிய ஒரு நடைச்சுற்றுலா

மாஸ்கோ நகரில் தனியார் வழிகாட்டி ஒருவர் ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் நடத்திவரும் அரைநாள் நடைச்சுற்றுலாவைப் பற்றியது இந்த மதிப்புரை. 1937, 1938ஆம் ஆண்டுகளில் சோவியத் இராணுவமான செம்படையின் உயர் அதிகாரிகளை ஸ்டாலின் அரசு களையெடுத்த வரலாறு மட்டுமே இதன் பொருள். செஞ்சதுக்கத்துக்கும் மெட்ரோ நிலையங்களின் பளிங்குத் தூண்களுக்கும் அழைத்துச் செல்ல மாஸ்கோவில் ஆட்களுக்குக் குறைவில்லை. இந்தப் பொருளைத் தொடுபவர்களோ மிகச் சிலர். அந்தச் சிலரும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடக்குமுறை காலத்தின் ஆவணங்களைப் பல ஆண்டுகள் திரட்டிவந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஆணையிட்டது. குலாக் எனப்பட்ட கட்டாய உழைப்பு முகாம்களின் வரலாற்று அருங்காட்சியகம் தீப்பாதுகாப்பு விதிமீறல் என்ற காரணம் காட்டி 2024 நவம்பரில் மூடப்பட்டது. இந்நிலையில், இவ்வரலாற்றை இடங்களோடு சேர்த்து அறிய விரும்பும் வெளிநாட்டவருக்கு இத்தகைய சிறு முயற்சிகளே மிஞ்சியிருக்கின்றன. அதனால்தான் இதன் நிறைகளையும் குறைகளையும் விரிவாக எழுதுவது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

கட்டணம் இந்திய மதிப்பில் ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நடை லுபியங்கா சதுக்கத்தில் தொடங்கி, நிக்கோல்ஸ்கயா தெரு, மாஸ்க்வா ஆற்றங்கரையிலுள்ள அரசுக் குடியிருப்பு ஆகியவற்றின் வழியே சென்று, இறுதியாக மெட்ரோ மூலம் தோன்ஸ்கோய் கல்லறைத் தோட்டத்தை அடைகிறது. முடிவை முன்னதாகவே சொல்லிவிடுவதானால், நிக்கோல்ஸ்கயா தெருவுக்காகவும் கல்லறைத் தோட்டத்துக்காகவும் மட்டுமே இந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். களையெடுப்பு எப்படி நடந்தது என்பதை வழிகாட்டி நன்றாகவே காட்டுகிறார். அது ஏன் நடந்தது, அதன் விளைவு என்ன என்று விளக்கப் புகும் இடங்களில்தான் சறுக்குகிறார்.

தொடக்கம் அமைதியானது. லுபியங்கா சதுக்கத்தின் ஓரத்தில், முன்பு சிறைமுகாம் இருந்த சொலோவெத்ஸ்கி தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பாறை ஒன்று, அடக்குமுறைக்குப் பலியானவர்களின் நினைவாக 1990 அக்டோபர் 30 அன்று நிறுவப்பட்டது. அதற்கு எதிரே அன்றைய என்.கே.வி.டி. எனப்படும் இரகசியப் போலீஸின் தலைமையகக் கட்டடம் இன்றும் அதன் வாரிசு அமைப்பின் கையில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29 அன்று மக்கள் வரிசையில் நின்று, கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒருவர் பின் ஒருவராக இந்தப் பாறையருகே வாசிப்பது வழக்கமாக இருந்தது. 2020 முதல் அதற்கு அனுமதி இல்லை. இங்கே வழிகாட்டி பத்து நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை, அதுவே போதுமானது.

அந்தப் பத்து நிமிடங்களில் அவர் 1935 நவம்பரை நினைவூட்டுகிறார். அந்த மாதத்தில்தான் சோவியத் ஒன்றியத்தில் முதன்முதலாக ஐந்து பேருக்குப் படையின் மிக உயர்ந்த பதவிநிலையான மார்ஷல் பட்டம் வழங்கப்பட்டது: வொரோஷிலவ், துகாசெவ்ஸ்கி, புதியோன்னி, யெகோரவ், புளூஹர். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் நூல்களை மலிவு விலையில் வாங்கிப் படித்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இவர்களில் வொரோஷிலவ், புதியோன்னி ஆகிய பெயர்கள் பழக்கமானவை. மற்ற மூவரைப் பற்றி ஏன் அவ்வளவாகக் கேள்விப்பட்டதில்லை என்பது இந்தச் சதுக்கத்தில் விளங்குகிறது. நான்கு ஆண்டுகள் முடிவதற்குள் அந்த மூவரும் உயிரோடு இல்லை. துகாசெவ்ஸ்கி 1937 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். புளூஹர் 1938 நவம்பரில் விசாரணைச் சிறையில் அடிபட்டு இறந்தார். யெகோரவ் 1939 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த நிறுத்தம் நிக்கோல்ஸ்கயா தெருவின் 23ஆம் எண் கட்டடம். தலைக்கு மேல் வண்ண விளக்குச் சரங்கள் தொங்க, இருபுறமும் உணவகங்களும் ஆடைக் கடைகளும் நிறைந்த நடைபாதைத் தெரு அது. சோவியத் உச்ச நீதிமன்றத்தின் இராணுவ ஆயம் அங்கேதான் செயல்பட்டது. வசீலி உல்ரிஹ் என்பவர் அதன் தலைவர். ஒரு வழக்குக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம். வழக்கறிஞர் கிடையாது, சாட்சிகள் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. தண்டனையைப் பெரும்பாலும் நீதிமன்றம் தீர்மானிக்கவும் இல்லை. யார் யாருக்கு என்ன தண்டனை என்று வகைப்படுத்திய பட்டியல்கள் முன்கூட்டியே கிரெம்ளினுக்குப் போய், ஸ்டாலின், பிரதமர் மொலதோவ் முதலியோரின் கையொப்பத்தோடு திரும்பி வந்தன. அத்தகைய 383 பட்டியல்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றில் சுமார் 44,000 பெயர்கள் உள்ளன. இந்தக் கட்டடத்தை வாசனைத் திரவியக் கடையாக மாற்றும் திட்டம் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் செய்திகள் வந்தபோது நகரில் எதிர்ப்புக் கிளம்பியது. உள்ளே எவரையும் அனுமதிப்பதில்லை. எதிர்வரிசையில் நின்று பார்க்கத்தான் முடியும். அங்கே நின்றபடி வழிகாட்டி சொல்லும் அரைமணி நேரக் கதைதான் இந்தச் சுற்றுலாவின் உயிர்.

அந்தக் கதையை அவர் தேதி வாரியாகக் கட்டுகிறார்; அந்த முறை நல்ல பலன் தருகிறது. 1936 ஆகஸ்டிலேயே ப்ரிமக்கோவ், பூத்னா என்னும் இரு தளபதிகள் பிடிபட்டார்கள். 1937 மே தின அணிவகுப்பில் துகாசெவ்ஸ்கி செஞ்சதுக்கத்தில் நின்றார். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக அவர் லண்டன் செல்வதாக இருந்த பயணம் ஏதோ ஒரு பாதுகாப்புக் காரணம் சொல்லி இரத்து செய்யப்பட்டது. மே மாத நடுவில் அவர் பாதுகாப்புத் துறையின் முதல் துணை ஆணையர் (துணை அமைச்சருக்கு நிகரான) பதவியிலிருந்து இறக்கப்பட்டு, தொலைவிலிருந்த வோல்கா இராணுவ மாவட்டத்துக்குத் தளபதியாக அனுப்பப்பட்டார். மே 22 அன்று, இன்று சமாரா என்று அழைக்கப்படும் குய்பிஷெவ் நகரில், பொறுப்பேற்ற சில நாட்களிலேயே கைது. கீவ் மாவட்டத் தளபதி யாகிர் மாஸ்கோவில் நடக்கவிருந்த கூட்டத்துக்கு அழைக்கப்பட்டு, வரும் வழியில் இரயிலிலேயே கைதானார். இராணுவத்தின் அரசியல் பிரிவுத் தலைவர் கமார்னிக் மே 31 அன்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.

இடமாற்றம் என்ற உத்தியை வழிகாட்டி இங்கே அழுத்திக் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தளபதியை அவருக்கு விசுவாசமான படைகளுக்கு நடுவே வைத்துக் கைது செய்வது ஆபத்தானது. புதிய ஊருக்கு மாற்றிவிட்டால் அவர் தனிமனிதர். துகாசெவ்ஸ்கிக்கு மட்டுமல்ல, அந்த வசந்தகாலத்தில் வேறு பலருக்கும் கைதுக்கு முன்னோடியாக வந்தது ஒரு பணிமாற்ற உத்தரவுதான். கூடவே 1937 மே மாதத்தில் படைப்பிரிவுகளில் தளபதியைக் கண்காணிக்கும் கட்சிப் பிரதிநிதியான அரசியல் ஆணையர் முறையும் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதன் பின் தளபதி போடும் உத்தரவில் ஆணையரின் கையொப்பமும் தேவைப்பட்டது. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே காகிதங்களால் வேலை முடிந்துவிட்டது என்பதை இவ்வளவு தெளிவாக ஒரு தெருவோரத்தில் நின்று கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதைவிட முக்கியமானது விசாரணைப் பகுதி. 1937 ஜூன் 1 முதல் 4 வரை கிரெம்ளினில் இராணுவ மன்றத்தின் விரிவுபட்ட கூட்டம் நடந்தது. கைதான சக அதிகாரிகளின் வாக்குமூலங்கள் அங்கே வந்திருந்த தளபதிகளின் கையில் படிக்கக் கொடுக்கப்பட்டன. ஜூன் 2 அன்று ஸ்டாலினே பேசினார். அடுத்தடுத்து எழுந்தவர்கள் நேற்றுவரை தங்களோடு பணியாற்றியவர்களைச் சாடினார்கள். ஜூன் 11 அன்று நடந்த மூடிய விசாரணையில், ஜெர்மனியோடு சேர்ந்து அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு எட்டுப் பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர்: துகாசெவ்ஸ்கி, யாகிர், உபோரெவிச், கோர்க், எய்தெமன், ஃபெல்த்மன், ப்ரிமக்கோவ், பூத்னா. தீர்ப்பு வழங்க அமர்ந்தவர்களும், தலைவர் உல்ரிஹ் நீங்கலாக, எட்டுப் பேர்: புளூஹர், புதியோன்னி, ஷாபோஷ்னிக்கவ், அல்க்ஸ்னிஸ், பெலோவ், திபென்கோ, காஷிரின், கொர்யாச்செவ். அனைவரும் படைத்தலைவர்கள். விசாரணை ஒரே நாளில் முடிந்து, அன்றிரவே தண்டனை நிறைவேற்றப்பட்டது.

வழிகாட்டி இந்த இடத்தில் இரண்டு அட்டைகளைக் கையில் கொடுக்கிறார். ஒன்றில் குற்றஞ்சாட்டப்பட்ட எட்டுப் பேரின் படங்கள், மற்றதில் தீர்ப்பளித்த எட்டுப் பேரின் படங்கள். பிறகு இரண்டாவது அட்டையின் முகங்களைத் தமது பேனாவால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறார். காஷிரின் 1938 ஜூனில் சுடப்பட்டார். அல்க்ஸ்னிஸ், பெலோவ், திபென்கோ ஆகிய மூவரும் 1938 ஜூலை இறுதியில் சுடப்பட்டார்கள். புளூஹரின் முடிவை முன்பே சொன்னேன். கொர்யாச்செவ் அந்த ஆண்டின் இறுதியில் தற்கொலை செய்துகொண்டார். எஞ்சியவர்கள் புதியோன்னியும் ஷாபோஷ்னிக்கவும் மட்டுமே. நாடகத்தனமான உத்தி என்று எவரேனும் குறை சொல்லலாம். என்னைப் பொறுத்தவரை, இந்தச் சுற்றுலாவில் நான் கற்றுக்கொண்டவற்றில் மிகப் பெரியது அந்த இரண்டாவது அட்டைதான்.

ஏனென்றால், சர்வாதிகாரி ஒருவர் தம் படைத்தளபதிகளைக் கொன்றார் என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது மேலிருந்து கீழே பாயும் ஒரு கட்டளையைத்தான் மனத்தில் வரைந்துகொள்கிறோம். நடந்தது அவ்வளவு எளிதானதன்று. மாவட்டத் தளபதியின் கைதுக்குப் பாதுகாப்பு ஆணையர் வொரோஷிலவின் ஒப்புதல் கோரப்பட்டது, அவர் கையெழுத்திட்டார். படைப்பிரிவுகளில் கட்சிக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. அங்கே எழுந்து பேசாதவர் சந்தேகத்துக்குரியவர் ஆனார். தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் அமரவைக்கப்பட்டவர்களுக்கு அதை மறுப்பதற்கான வழியும் இல்லை, ஏற்றதால் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. ஒவ்வோர் அதிகாரியும் இன்னோர் அதிகாரியின் அழிவில் கைநனைத்தபின் படைக்குள் எவரும் எவரையும் நம்ப முடியாத நிலை வந்தது. சதி செய்யும் ஆற்றல் மட்டுமன்றி, கருத்து வேறுபாடு தெரிவிக்கும் துணிவும் அதோடு போயிற்று. களையெடுப்பின் உண்மையான வெற்றி இதுதான் என்பது என் எண்ணம். வழிகாட்டி இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் அட்டைகளைக் கொடுக்கும் வரிசையிலேயே இந்த வாதம் அடங்கியிருக்கிறது.

ஆயினும், இதே இடத்தில்தான் அவருடைய முதல் பெரிய குறையும் வருகிறது. ஜெர்மானிய உளவுத்துறை துகாசெவ்ஸ்கியின் பெயரில் போலி ஆவணங்களைத் தயாரித்து, செக்கோஸ்லோவாக்கியா வழியாக ஸ்டாலினிடம் சேர்த்தது என்றும், அதை நம்பித்தான் அவர் தம் சிறந்த தளபதியைக் கொன்றார் என்றும் பல பத்தாண்டுகளாக உலவும் கதையை அவர் நிறுவப்பட்ட உண்மையைப் போலவே சொல்லிச் சென்றார். கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் ஜூன் 11 விசாரணையில் அப்படிப்பட்ட ஆவணம் எதுவும் சான்றாக வைக்கப்படவில்லை. வழக்கு முழுவதும் அடித்துப் பெறப்பட்ட வாக்குமூலங்களின் மேல்தான் நின்றது. துகாசெவ்ஸ்கியின் வாக்குமூலத் தாள்களில் இருந்த கறைகள் இரத்தக்கறைகள் என்று 1950களில் நடந்த மறு ஆய்வில் தெரியவந்தது. போலி ஆவணக் கதையை முதன்மையாக்கினால், ஸ்டாலின் ஏமாற்றப்பட்டவராகவும் ஹிட்லரின் ஆட்கள் கெட்டிக்காரர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். ப்ரிமக்கோவும் பூத்னாவும் பத்து மாதங்களுக்கு முன்பே பிடிபட்டு வதைக்கப்பட்டது பொருளற்றதாகிவிடுகிறது. அரைமணி நேரம் அவ்வளவு கவனமாகக் கட்டிய வாதத்தை அவரே ஒரு நிமிடத்தில் கலைத்துவிட்டது வருத்தமளித்தது. குழுவில் ஒருவர் இதைக் கேட்டபோது, அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

எண்களைக் கையாள்வதிலும் அவர் இன்னும் சற்று நிதானம் காட்டலாம். படையின் அதிகாரிகளில் பாதிப் பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஓரிடத்தில் சொன்னார். இது பழைய நூல்களில் வரும் கணக்கு. ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்ட பின் கிடைத்த சித்திரம் வேறு. 1937 முதல் 1939 வரை தரைப்படையிலிருந்து பதவி நீக்கப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர். அவர்களில் கைது செய்யப்பட்டவர்கள் ஒரு பகுதியினரே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் பணிக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்சியில்தான் அழிவு ஏறத்தாழ முழுமையாக இருந்தது. ஐந்து மார்ஷல்களில் மூவர், மார்ஷலுக்கு அடுத்த நிலையிலிருந்த பதினைந்து படைத் தளபதிகளில் பதின்மூவர் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு உயர்மட்டத்தைப் பற்றியது. அதையே கீழ்மட்டத்துக்கும் நீட்டுவது தவறு. இந்த வேறுபாட்டைச் சொல்வதால் கொடுமை குறைந்துவிடாது. தலைகளை வெட்டி, உடலை அச்சத்தில் உறையவைத்து, பிறகு தேவைப்பட்டபோது சிலரைத் திருப்பி எடுத்துக்கொண்ட ஓர் ஆட்சியின் கணக்குப் புத்தி அப்போதுதான் புலப்படும்.

கிரெம்ளின் மதிலை ஒட்டிப் பெரிய கல் பாலத்தைக் கடந்து ஆற்றங்கரைக் குடியிருப்பை அடையும் நடை நீளமானது; காற்று அடிக்கும் நாளில் கடினமானதும்கூட. போரிஸ் இயோஃபான் வடிவமைத்து 1931இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தப் பிரம்மாண்டமான கட்டடத்தில் 505 வீடுகள். அமைச்சர்கள், தளபதிகள், விஞ்ஞானிகள், பழைய புரட்சியாளர்கள் ஆகியோருக்கு அரசு ஒதுக்கிய வீடுகள் அவை. உள்ளேயே திரையரங்கு, பல்பொருள் அங்காடி, சலவையகம் எல்லாம் இருந்தன. 1937இல் ஒவ்வோர் இரவும் ஏதாவது ஒரு தளத்தில் மின்தூக்கி நிற்கும் ஓசைக்காகக் காத்திருந்த மக்கள் இங்கேதான் வாழ்ந்தார்கள். துகாசெவ்ஸ்கியின் பெயர்ப்பலகை சுவரில் இருக்கிறது. அதே சுவரில் வரிசையாக இருக்கும் மற்றப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், இறந்த ஆண்டு 1937, 1938, 1939 என்று திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

இந்த நிறுத்தத்தில் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. கட்டடக் கலையைப் பற்றியும் வீடுகளின் இன்றைய விலையைப் பற்றியும் நிறையப் பேசினார்; குடும்பங்களைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. ஒரு குடியிருப்பின் முன் நின்றுகொண்டு குடும்பங்களைப் பற்றிப் பேசாவிட்டால் வேறெங்கே பேசுவது? தாய்நாட்டுத் துரோகிகளின் மனைவியரைக் கைது செய்வதற்கென்றே 1937 ஆகஸ்ட் 15 அன்று என்.கே.வி.டி. 00486 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தது. கணவன் தண்டிக்கப்பட்டால் மனைவிக்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை முகாம். குழந்தைகளுக்குச் சிறுவர் இல்லம். கசக்ஸ்தானில் இன்றைய அஸ்தானாவுக்கு அருகில் அத்தகைய மனைவியருக்காகவே ஒரு தனி முகாம் இருந்தது. துகாசெவ்ஸ்கியின் மனைவி நீனா முதலில் முகாமுக்கு அனுப்பப்பட்டு 1941இல் சுடப்பட்டார். அவருடைய சகோதரர்கள் இருவரும் கொல்லப்பட்டனர். மகள் சிறுவர் இல்லத்தில் வளர்ந்து, பின்னர் தாமும் முகாம் கண்டார். தளபதியை அழிப்பதன் ஒரு பகுதியாகவே அவருடைய வீட்டையும் அழித்தார்கள். தம்மைப் பற்றிக் கவலைப்படாத அதிகாரிகூடத் தம் பிள்ளைகளை நினைத்து வாக்குமூலத்தில் கையெழுத்திட்டிருப்பார் என்பதை நினைத்துப் பார்த்தால், நிக்கோல்ஸ்கயா தெருவில் கேட்ட கதைக்குத் தேவையான மறுபாதி இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. வழிகாட்டி அதைத் தொடாமலேயே மெட்ரோவுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

தோன்ஸ்கோய் மடத்தை ஒட்டிய புதிய கல்லறைத் தோட்டத்துக்கு ஷபோலோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மாஸ்கோவின் முதல் தகனசாலை 1927இல் இங்கேதான் திறக்கப்பட்டது. சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் இரவில் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. சாம்பல் குழியில் கொட்டப்பட்டது. 1930 முதல் 1942 வரையிலான உரிமை கோரப்படாத சாம்பலுக்குரிய முதலாம் பொதுக்குழியில் துகாசெவ்ஸ்கி, யாகிர், உபோரெவிச், புளூஹர் ஆகியோரின் சாம்பல் இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் உறவினர்கள் கொண்டுவந்து நட்ட சிறு சிறு பெயர்த் தகடுகளும் பிளாஸ்டிக் பூக்களும் அதைச் சுற்றி நெருக்கமாக நிற்கின்றன. இவர்களையெல்லாம் பிடித்துவந்த என்.கே.வி.டி. தலைவர் நிக்கோலாய் யெஷோவ் 1940 பிப்ரவரியில் தாமே சுடப்பட்டபோது அவருடைய சாம்பலும் இதே குழிக்குத்தான் வந்ததாகக் கருதப்படுகிறது. போதாக்குறைக்கு, மரண தண்டனைகளை நிறைவேற்றும் பிரிவுக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்த வசீலி ப்ளோஹினும் இதே தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். அவருக்குத் தனிக் கல்லறை, பளபளக்கும் கல், பெயர் எல்லாம் உண்டு. வழிகாட்டி இரண்டையும் காட்டிவிட்டு எதுவும் பேசாமல் ஒதுங்கி நின்றார். அவருடைய தொழில்திறன் அந்த ஒதுங்கலில் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் ஏதாவது தத்துவம் சொல்லிக் கெடுத்திருப்பார்.

பொதுக்குழியின் அருகே நின்றுகொண்டு அவர் பின்விளைவுகளை விளக்கினார். துகாசெவ்ஸ்கி குழுவினர் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று 1957 ஜனவரி 31 அன்று அதே இராணுவ ஆயம் அறிவித்தது. கான்ஸ்தந்தீன் ரொக்கொஸோவ்ஸ்கி 1937இல் கைதாகி, சிறையில் பற்கள் உடைக்கப்பட்டு, 1940 மார்ச்சில் விடுதலையாகி, ஸ்டாலின்கிராத் போரில் படை நடத்தி, 1945 ஜூன் 24 அன்று செஞ்சதுக்கத்தில் வெற்றி அணிவகுப்புக்குத் தலைமை தாங்கினார் என்பதை அவர் சொன்னவிதம் நன்றாக இருந்தது. தொலைதூர வடகிழக்கிலிருந்த கொலிமா முகாமிலிருந்து மீண்டு 1941இல் படைக்குத் திரும்பிய தளபதி கொர்பாத்தவைப் பற்றியும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம்.

ஆனால் 1941இல் செம்படை அடைந்த பேரழிவு முழுவதற்கும் 1937 ஒன்றே காரணம் என்று அவர் முடித்ததை ஏற்க இயலவில்லை. களையெடுப்பின் தடம் அங்கே இருக்கிறது, ஐயமில்லை. 1939 நவம்பர் இறுதியில் பின்லாந்து மீது தொடுத்த போரில் சோவியத் படைகள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இழந்தன. 1940 மே மாதத்தில் வொரோஷிலவ் பாதுகாப்பு ஆணையர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். துகாசெவ்ஸ்கியும் அவருடைய தோழர்களும் வளர்த்த, டாங்கிகளைக் கொண்ட பெரிய இயந்திரப் படைப்பிரிவுகள் 1939 நவம்பரில் கலைக்கப்பட்டு, பிரான்ஸின் வீழ்ச்சியைப் பார்த்தபின் அவசர அவசரமாக மீண்டும் கட்டப்பட்டன. மறுபுறம், அதே ஆண்டுகளில் படையின் அளவு மும்மடங்காகப் பெருகியது. கைதுகளே நடக்காமல் இருந்திருந்தாலும் பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டிருக்கும். தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கைகளை ஸ்டாலின் நம்ப மறுத்தது இன்னொரு காரணம். அந்த மறுப்பை எதிர்த்துப் பேச எந்தத் தளபதியும் துணியவில்லை என்பதில்தான் 1937க்கும் 1941க்கும் உள்ள நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் இரண்டாவது அட்டையின் கதை இங்கே வந்து முடிந்திருக்கும்.

களையெடுப்பு 1938இல் ஓய்ந்துவிட்டது என்ற எண்ணத்தையும் அவர் ஏற்படுத்திவிடுகிறார். ஜெர்மானியப் படைகள் மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்த 1941 அக்டோபர் 28 அன்று, துகாசெவ்ஸ்கி கைதான அதே குய்பிஷெவ் நகரின் அருகே, தளபதி ஷ்தெர்ன், இருமுறை சோவியத் வீரர் பட்டம் பெற்ற விமானப்படைத் தளபதி ஸ்முஷ்கேவிச், முப்பதே வயதான முன்னாள் விமானப்படைத் தலைவர் ரிச்சகோவ், விமானியான அவருடைய மனைவி உட்பட இருபது பேர் விசாரணையே இல்லாமல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டுக்கு ஒவ்வொரு தளபதியும் தேவைப்பட்ட அந்த வாரத்தில்கூட இயந்திரம் நிற்கவில்லை. இந்த நிகழ்ச்சியைச் சேர்த்தால் சுற்றுலாவுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆகும்.

வழிகாட்டியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படைக்கு அவப்பெயர் ஏற்படுத்துவதைத் தண்டிக்கும் சட்டம் 2022 மார்ச் முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தில் அண்மைக் காலத்தில் நடந்த கைதுகளைப் பற்றிக் குழுவில் ஒருவர் கேட்டபோது, இந்த நடை 1957இல் முடிகிறது என்று புன்னகையோடு சொல்லிவிட்டார். கோழைத்தனம் என்று நான் கருதவில்லை. ஊழல் வழக்கில் சிக்கிய ஓர் அமைச்சக அதிகாரியையும் அடித்துக் கொல்லப்பட்ட புளூஹரையும் ஒரே தட்டில் வைப்பது வரலாற்றுக்கும் நியாயமாகாது. அவரிடம் இன்றைய அரசியலைத் துருவிக் கேட்க வேண்டாம் என்பதே செல்பவர்களுக்கு என் வேண்டுகோள். கேட்பவர் நாலு நாளில் ஊர் திரும்பிவிடுவார், அவர் அங்கேயே இருக்க வேண்டியவர்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது. கட்டணத்தை ரூபிள் பணமாகத்தான் தர வேண்டும். கிரெம்ளினைச் சுற்றியுள்ள பகுதியில் கைப்பேசியின் வரைபடம் இருக்கும் இடத்தைத் தவறாகக் காட்டுவது வழக்கம் என்பதால், லுபியங்கா மெட்ரோவில் எந்த வாயில் வழியே வெளியேற வேண்டும் என்பதை முந்தைய நாளே வழிகாட்டியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அவருடைய ஆங்கிலம் தெளிவானது, வேகம் மட்டும் சற்று அதிகம். ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் நம் மாணவர்களில் ரஷ்ய மொழி நன்கு தெரிந்தவர்கள் ரஷ்ய மொழிக் குழுவில் சேரலாம். அதில் கேள்விகள் கூர்மையாக இருக்கும் என்று அவரே சொன்னார். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அழைத்துச் செல்வது பொருத்தமாகாது. முழங்கால் வலி உள்ளவர்கள் பாலத்துக்கு மேலான நடையைத் தவிர்த்து, ஆற்றங்கரைக் குடியிருப்புக்கு நேராக டாக்ஸியில் வந்து குழுவோடு சேர்ந்துகொள்ள அவர் அனுமதிக்கிறார்.

நேரமும் விருப்பமும் உள்ளவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்தி, நகரின் தெற்கே உள்ள கொம்முனார்க்காவையும் சேர்த்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்கலாம். முன்னாள் என்.கே.வி.டி. தலைவர் யாகோதாவின் ஓய்வில்லமாக இருந்த அந்தக் காட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர்; தீர்ப்பளித்த எட்டுப் பேரில் அல்க்ஸ்னிஸும் திபென்கோவும் அங்கேதான் இருக்கிறார்கள். தோன்ஸ்கோயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், புளூஹர் நீங்கலாக, முதல் அட்டையின் முடிவைத்தான் பார்த்திருப்பீர்கள். முன்பதிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் அவரால் வண்டி ஏற்பாடு செய்ய முடிவதில்லை.